பத்து இடத்தில் வெட்டினால் பத்து ரெப்ளிகேட் ஆகாது: வயல் ஆய்வில் சூடோரெப்ளிகேஷனைத் தவிர்ப்பது எப்படி

யூரியா போட்ட வயல் ஒன்று, சேதனப் பசளை மட்டும் போட்ட வயல் ஒன்று. இரண்டிலும் பத்துப் பத்து இடத்தில் ஒரு சதுர மீற்றர் சட்டத்தை வைத்து, நெல்லை வெட்டி, அடித்து, நிறுத்து, எக்ஸெலில் போட்டு, ரீ சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் t-test) செய்து, "பீ பெறுமானம் 0.001, ஆகவே யூரியா விளைச்சலைக் கூட்டுகிறது" என்று முடித்திருப்பார்கள். பீ பெறுமானம் என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு; 0.05-க்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்டு என்று எடுப்பது வழக்கம். கிளிநொச்சியில் இறுதி ஆண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகளின் தரவுகளைப் பார்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. காலபோக (மாரிப் பருவ) அறுவடை முடிந்ததும் இந்த அமைப்பில் ஒரு கோப்பாவது என்னிடம் வந்து சேரும். 2021-இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே விலக்கப்பட்ட பிறகு, சேதனமா இரசாயனமா என்று ஒப்பிடும் ஆர்வம் நம் பக்கத்தில் நன்றாகக் கூடிவிட்டது. கேள்வி மிக முக்கியமானது. அதற்காகவே அதைச் சரியாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோப்பில் நெல்லை வெட்டியதில் பிழையில்லை, நிறுத்ததில் பிழையில்லை, கூட்டல் கழித்தலும் சரி. ரெப்ளிகேட் (ஒரே பரிசோதனையைத் தனித்தனியாகத் திருப்பிச் செய்த தடவை) எண்ணிக்கை 10 என்று எழுதிய இடத்தில்தான் பிழை. பசளை போட்டது ஒரு வயலுக்கு. அதனால் அந்த ட்ரீட்மென்ட்டுக்கு, அதாவது நாம் சோதிக்கும் பசளை முறைக்கு, ரெப்ளிகேட் ஒன்றுதான். மற்ற வயலுக்கும் ஒன்றுதான். ஒரு வயலுக்குள் எடுத்த பத்து வெட்டுகளைப் பத்துத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணி, ட்ரீட்மென்ட்டைப் பற்றிப் புள்ளிவிபரத் தீர்ப்புச் சொல்வதற்குப் பெயர்தான் சூடோரெப்ளிகேஷன்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து வாய்க்காலோடு ஒரு தடவை நடந்து பார்த்தால் இது ஏன் பெரிய விடயம் என்று தெரியும். மேட்டு வயலில் தண்ணீர் கெதியாய் இறங்கிவிடும், தாழ்ந்த வயலில் நிற்கும். வாய்க்காலின் தலைப்பக்கத்தில் காணி உள்ளவருக்கு முதலில் தண்ணீர். கடைசிக் காணிக்கு முறை வரும்போது பயிர் வாடியிருக்கும். கண்டாவளைப் பக்கம் கடல்நீரேரியை அண்டிய காணிகளில் உவர். ஒருவர் மழைக்கு முன்னரே புழுதி விதைப்புச் செய்திருப்பார், அடுத்தவர் சேற்று விதைப்பு. ஒருவர் ஏடி 362 நெல்லினம் விதைத்திருப்பார், அடுத்தவர் பீஜீ 360. ஒருவர் களைநெல்லைக் குனிந்து குனிந்து பிடுங்கியிருப்பார், அடுத்தவருக்கு ஆள் கிடைத்திருக்காது. ஒரே பசளையை ஒரே அளவில் போட்ட இரண்டு வயல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்து இடத்தில் வெட்டிப் பாருங்கள். அங்கேயும் பீ பெறுமானம் 0.05-க்குக் கீழே வர நல்ல வாய்ப்பு உண்டு. வெட்டுகளை நூறாக்கினால் அநேகமாக வந்தே தீரும். அந்தச் சோதனை பொய் சொல்லவில்லை. இந்த வயலும் அந்த வயலும் வேறு என்று சொல்கிறது, அவ்வளவுதான். எதனால் வேறு என்று அதற்குத் தெரியாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பதம் பார்ப்பது அந்தப் பானைக்கு மட்டும். ஒரே பானையிலிருந்து பத்துப் பருக்கையை எடுத்து நசுக்கினாலும், சமைத்த முறை நல்லதா என்று அறிய வேறு வீட்டுப் பானைகளையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் சான் டியேகோவைச் சேர்ந்த சூழலியலாளர் ஸ்டுவர்ட் ஹர்ல்பேர்ட். 1984-இல் எக்கோலாஜிக்கல் மோனோகிராஃப்ஸ் இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில், 1960 முதல் வெளியான 176 பரிசோதனை ஆய்வுகளை எடுத்துச் சல்லடை போட்டுப் பார்த்தார். 27 வீதமானவற்றில் இந்தப் பிழை இருந்தது. புள்ளிவிபரச் சோதனை செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 48 வீதம், அதாவது ஏறத்தாழப் பாதி. இதழ்களில் அச்சாகி வந்த ஆய்வுகளின் நிலையே அது. ஆகவே நம் பிள்ளைகளை இதற்காக யாரும் ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் சொல்லிக் கொடுக்காமல் விடவும் கூடாது.

பிரச்சினை ஹர்ல்பேர்ட்டுக்கு முந்தியது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் புரோட்போல்க் என்ற கோதுமை வயல் 1843 முதல் ஆய்வில் இருக்கிறது. ஒரு பட்டிக்கு ஒரு பசளை என்று நீளநீளமாகப் பிரித்த வயல் அது. பட்டிகள் திருப்பிச் செய்யப்படவும் இல்லை, எழுமாற்றாக ஒதுக்கப்படவும் இல்லை. 1919-இல் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அங்கே வேலைக்கு வந்து அந்தப் பழைய தரவுகளோடு மல்லுக்கட்டினார். ஒவ்வொரு ட்ரீட்மென்ட்டையும் பல புளொட்டுகளில் (பிரித்த நிலத் துண்டுகளில்) திருப்பிச் செய், எது எங்கே என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானி என்று அவர் பிறகு வற்புறுத்தியவைதான் இன்று நாம் ஆர்சிபிடி (RCBD, எழுமாற்றாக்கப்பட்ட முழுமைப் புளொக் அமைப்பு) என்று பாடத்தில் படிக்கும் அமைப்பின் அடிப்படை.

சரி, உங்கள் ஆய்வுக்கு வருவோம். வயலுக்கு இறங்க முன்னர் ஒரு தாளில் படம் வரையுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: ட்ரீட்மென்ட்டை எதற்குக் கொடுக்கிறேன்? இன்னும் தெளிவாகக் கேட்டால், காசைச் சுண்டி ‘இதற்கு யூரியா, அதற்குச் சேதனம்’ என்று தீர்மானிக்கும்போது ‘இது’, ‘அது’ என்பவை எவை? அவற்றை எண்ணுங்கள். அந்த எண்தான் உங்கள் ரெப்ளிகேட் எண்ணிக்கை. அதற்குள் எத்தனை தடவை அளந்தாலும் அவையெல்லாம் சப்சாம்பிள், அதாவது ஒரே அலகுக்குள் எடுத்த உபமாதிரிகள்.

இந்தக் கேள்வி நெல்லுக்கு மட்டுமில்லை. கோழித் தீவன ஆய்வில் ஒரு கூட்டில் பன்னிரண்டு கோழி, தீவனத்தைப் போடுவது கூட்டுத் தொட்டியில் என்றால், அலகு கூடு; கோழி இல்லை. மீன்குஞ்சு ஆய்வில் தொட்டி. கல்வியியல் டிப்ளோமா செய்யும் ஆசிரியர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: 9ஏ வகுப்புக்குப் புதுக் கற்பித்தல் முறை, 9பீ வகுப்புக்குப் பழைய முறை, ஆளுக்கு முப்பத்தைந்து பிள்ளைகள், அதனால் எண்ணிக்கை 70 என்று எழுதுவார்கள். முறை கொடுக்கப்பட்டது வகுப்புக்கு. ஆகவே ஒன்றுக்கு ஒன்று. மருத்துவத் துறையில் ஒருவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு இரண்டு கண்ணையும் அளந்து இரண்டு பேராக எண்ணுவதும் இதே வகைதான்.

சாடி ஆய்வில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இருபது சாடிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குலுக்கிப் பசளை தீர்மானித்து, இடத்தையும் குலுக்கி வைத்திருந்தால் ஒவ்வொரு சாடியும் உண்மையான ரெப்ளிகேட். எல்லாச் சாடிகளும் ஒரே வலைவீட்டில் இருப்பதால் சூடோரெப்ளிகேஷன் என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்லைப் பிழையாகப் பாவிக்கிறார். ஆனால் நீர் ஊற்ற வசதி என்று சேதனச் சாடிகள் பத்தையும் வேப்பமர நிழல் பக்கமும், யூரியாச் சாடிகள் பத்தையும் வெயில் பக்கமும் அடுக்கினீர்கள் என்றால் அங்கே பிழை உள்ளே வந்துவிட்டது. நிழலையும் பசளையையும் இனி யாராலும் பிரிக்க முடியாது.

இனி வயலில் நான் எப்போதும் சொல்லும் அமைப்பு. இரண்டு பெரிய வயல்களைத் தேடாதீர்கள். பல கமக்காரர்களைத் தேடுங்கள். ஒவ்வொருவரின் வயலிலும், தண்ணீரும் மண்ணும் இயன்றவரை ஒரே மாதிரியான ஒரு துண்டை எடுத்து, நடுவில் ஒரு வரம்பு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். எந்தப் பாதிக்கு எது என்பதை அங்கேயே அவர் முன்னால் காசைச் சுண்டித் தீர்மானியுங்கள். வாய்க்கால் பக்கத்துப் பாதி நல்லாய் விளையும் என்று அவருக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் உங்களுக்கும் தெரியும். அதனால் காசை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள். இதில் ஒவ்வொரு கமக்காரரும் ஒரு புளொக், அதாவது நிலைமைகள் ஒரே மாதிரியான ஒரு தொகுதி. அவருடைய விதை, அவருடைய விதைப்பு நாள், அவருடைய களை எடுப்பு எல்லாம் இரண்டு பாதிக்கும் பொது. வித்தியாசம் பசளையில் மட்டும்.

சில சில்லறைக் காரியங்களைக் கவனிக்காவிட்டால் இந்த அமைப்பு கெட்டுப்போகும். மேல் பாதியிலிருந்து கீழ்ப் பாதிக்கு மடையைத் திறந்துவிட்டால் கரைந்த யூரியாவும் சேர்ந்து போகும். ஆகவே இரண்டுக்கும் வாய்க்காலிலிருந்து தனித்தனி மடை வேண்டும், நடு வரம்பில் நண்டு வளை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரம்போரத்தில் சட்டத்தை வைக்காதீர்கள், ஓரப் பயிருக்கு வெளிச்சமும் இடமும் கூட. சட்டத்தின் விளிம்பில் நிற்கும் பயிரை உள்ளேயா வெளியேயா எடுப்பது என்று முதலே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சின்னச் சட்டங்கள் விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று இந்தியாவில் புள்ளிவிபரவியலாளர் மகலனோபிஸ் காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். ஈரப்பதனை 14 வீதத்துக்குத் திருத்தி எழுதுங்கள். இன்னொன்று, கமக்காரரிடம் வெட்டு மெசின் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மெசின் வந்துவிட்டால் அவர் உங்களுக்காகக் காத்திருக்க முடியாது, காத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை.

அப்புறம் கணக்கு. நாலு கமக்காரர், ஆளுக்கு இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் ஐந்து வெட்டு என்று வைத்துக்கொள்வோம். நாற்பது நிறைகள் உங்கள் எக்ஸெலில் இருக்கும். முதல் வேலையாக ஒவ்வொரு பாதிக்கும் ஐந்து வெட்டின் சராசரியை எடுத்து, நாற்பதை எட்டாக்குங்கள். ஒவ்வொரு கமக்காரருக்கும் யூரியாப் பாதியிலிருந்து சேதனப் பாதியைக் கழித்து, எட்டை நாலாக்குங்கள். ஏக்கருக்குக் கிலோக் கணக்கில் அந்த நாலு வித்தியாசங்களும் 180, 60, −40, 120 என்று வந்தால், சராசரி 80. நியம விலகல் (வித்தியாசங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறத்தாழ 94. அதை நாலின் வர்க்கமூலமான 2-ஆல் பிரித்தால், சராசரி எவ்வளவு தளம்பும் என்று காட்டும் நியம வழு 47. 80-ஐ 47-ஆல் பிரித்தால் ரீ பெறுமானம் 1.7. சுயாதீன அளவு (இங்கே வித்தியாசங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3-க்கு 5 வீத மட்டத்தில் ரீ அட்டவணை கேட்பது 3.18. எட்டவில்லை. உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சைக் காட்டும் 95 வீத நம்பிக்கை ஆயிடை −69-இலிருந்து 229 வரை போகிறது. யூரியாவால் கூடலாம், கூடாமலும் இருக்கலாம், இந்த நாலு வயல் தீர்ப்புச் சொல்லாது. இதே நாற்பது நிறைகளையும் இருபதுக்கு இருபது என்று சோதனையில் போட்டிருந்தால் சுயாதீன அளவு 38 ஆகி, அட்டவணை கேட்பது 2.02-ஆகக் குறைந்திருக்கும். வெட்டுகளைப் பெருக்கப் பெருக்க நியம வழுவும் சுருங்கிக்கொண்டே போகும். கையில் இல்லாத உறுதி தாளில் வந்துவிடும்.

பிள்ளைகள் இந்த இடத்தில் மனம் உடைந்து, "இவ்வளவு கஷ்டப்பட்டு நாற்பது வெட்டு வெட்டினோமே அக்கா" என்பார்கள். நான் அவர்களோடு உட்கார்ந்து அடுத்த கணக்கைப் போடுவேன். எட்டுக் கமக்காரர், ஒவ்வொரு பாதியிலும் இரண்டே வெட்டு. மொத்தம் 32 வெட்டு, முந்தியதைவிடக் குறைவு. சராசரி வித்தியாசம் அதே 80, நியம விலகல் அதே 94 என்று வந்தால், நியம வழு 33, ரீ பெறுமானம் 2.41. சுயாதீன அளவு 7-க்கு அட்டவணை கேட்பது 2.36. தாண்டிவிட்டது. இரண்டே வெட்டு என்பதால் பாதிகளின் சராசரி கொஞ்சம் ஆடும், அதனால் விலகல் சற்றுக் கூடலாம். ஆனாலும் உழைப்பை வெட்டிலிருந்து எடுத்து வயலில் போடுவதுதான் லாபம். வெட்டு வேலை குறைகிறது, மோட்டார் சைக்கிள் ஓட்டம் கூடுகிறது. முரசுமோட்டையிலும் வட்டக்கச்சியிலும் உருத்திரபுரத்திலும் பரவலாக எடுத்தால் உங்கள் முடிவு ஒரு ஊருக்கு மட்டுமில்லாமல் பிரதேசத்துக்கே பொருந்தும் என்ற நன்மையும் சேர்கிறது.

ஒரே வயலின் பத்து வெட்டுகள் உண்மையில் எத்தனை வெட்டுக்குச் சமம் என்று அளக்கவும் வழி உண்டு. இன்ட்ராக்ளாஸ் கோரிலேஷன் என்ற அளவு, ஒரே வயலின் வெட்டுகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும். வெட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அந்தக் கோரிலேஷனால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வெட்டு எண்ணிக்கையை அதால் பிரியுங்கள். கோரிலேஷன் 0.5 என்றால் பத்து வெட்டுக்கு 10-ஐ 5.5-ஆல் பிரிக்க வேண்டும்: 1.8. நூறு வெட்டு வெட்டினாலும் 1.98. இரண்டைத் தாண்டவே தாண்டாது.

ஹர்ல்பேர்ட் இந்தப் பிழையின் வேறு சில வடிவங்களையும் பிரித்துக் காட்டினார். நம்மிடையே அடிக்கடி வருவது காலத்தோடு வருவது: ஒரே புளொட்டில் கிழமைக்குக் கிழமை மட்டம் (நெற்பயிரின் பக்கக் கிளைகள்) எண்ணி, எட்டுக் கிழமையை எட்டு ரெப்ளிகேட் ஆக்குவது. போன கிழமை நின்ற அதே பயிர்தான் இந்தக் கிழமையும் நிற்கிறது. அதை ஒரே புளொட்டின் தொடர் அளவீடாகத்தான் பகுக்க வேண்டும். இன்னொன்று, பார்ப்பதற்கு அதிகம் பரிதாபமானது: உண்மையான ரெப்ளிகேட் கையில் இருந்தும், எந்த வெட்டு எந்தப் புளொட் என்ற நிரலை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் குவிப்பது. நல்ல அமைப்பைத் தாங்களே பலி கொடுக்கிறார்கள். புளொட் இலக்கத்தையும் கமக்காரர் குறியீட்டையும் ஒவ்வொரு பைக்கும் எழுதுங்கள், ஒவ்வொரு வரிசையிலும் தட்டச்சு செய்யுங்கள், கடைசிவரை அழிக்காதீர்கள். ஆர் மென்பொருள் தெரிந்தவர்கள் கமக்காரரையும் அவருக்குள் புளொட்டையும் ரேண்டம் எஃபெக்டாகக் கொடுத்து மிக்ஸ்ட் மொடல் (எந்த வெட்டு எந்தப் புளொட்டுக்குள், யாருடைய வயலுக்குள் என்பதைக் கணக்கில் எடுக்கும் பகுப்பாய்வு) போடலாம். வெட்டு எண்ணிக்கை எல்லாப் பாதியிலும் சமன் என்றால், மேலே சொன்ன சராசரிக் கணக்கும் அதே விடையைத்தான் தரும். எக்ஸெல் மட்டும் தெரிந்தவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

ரெப்ளிகேட் செய்யவே முடியாத விடயங்களும் வன்னியில் உண்டு. இரணைமடு ஒன்றுதான். நந்திக்கடலும் ஒன்றுதான். நந்திக்கடலில் பத்து இடத்தில் உப்புத்தன்மை அளந்தாலும் அது ஒரு நீரேரி. குளத்தின் அணைக்கட்டை உயர்த்தியதால் நீரின் தரம் மாறியதா என்று கேட்டால், குலுக்கிப் போட இன்னொரு இரணைமடு கிடையாது. அதற்காக ஆய்வைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பல தடவை அளந்து, மாற்றம் நடக்காத அக்கராயன், வவுனிக்குளம் போன்ற குளங்களிலும் அதே காலத்தில் அளந்து ஒப்பிடலாம். 2001-இல் லௌரி ஒக்சானன் என்ற சூழலியலாளர் ஒய்கோஸ் இதழில், பெரிய இயற்கை அமைப்புகளில் இந்தக் குற்றச்சாட்டை வைத்தே நல்ல ஆய்வுகளை அமுக்கிவிடக் கூடாது என்று வாதிட்டார். எனக்கு அவர் பக்கம் ஓரளவு மனம் சாய்கிறது. இரண்டு குளங்களை அளந்து, படம் போட்டு, சராசரியும் விலகலும் கொடுத்து, "இந்தக் குளத்தில் இப்படி, அந்தக் குளத்தில் அப்படி" என்று எழுதுவதில் எந்தப் பிழையும் இல்லை. ட்ரீட்மென்ட்டுக்குப் பீ பெறுமானம் ஒட்டும்போதுதான் பிழை பிறக்கிறது. அளவீட்டுக்கும் முடிவுக்கும் இடையிலான பொருத்தமின்மைக்குத்தான் சூடோரெப்ளிகேஷன் என்று பெயர். மோசமான ஆய்வு, சின்ன மாதிரி, அக்கறையில்லாத அளவீடு இவற்றுக்கெல்லாம் அந்தச் சொல்லைப் பாவிக்காதீர்கள்.

அறுவடை முடிந்துவிட்டது, கையில் இருப்பது அந்த இரண்டு வயல்தான் என்றால்? தரவை மறைக்க வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். முறையியல் பகுதியில் இப்படி எழுதுங்கள்: "ஒவ்வொரு பசளை முறையும் ஒரு வயலில் மட்டும் பிரயோகிக்கப்பட்டது. ஒவ்வொரு வயலிலும் பத்துச் சப்சாம்பிள்கள் எடுக்கப்பட்டன." முடிவுப் பகுதியில் இரண்டு வயலின் சராசரியும் நியம விலகலும் மட்டும். கலந்துரையாடலில், இரண்டு வயல்களும் மண், நீர், விதைப்பு நாள் ஆகியவற்றில் எப்படி வேறுபட்டன என்பதை உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு விபரமாக எழுதி, வித்தியாசத்துக்குப் பசளை ஒரு சாத்தியமான காரணம் என்ற அளவில் நிறுத்துங்கள். ரீ சோதனை அட்டவணையை எடுத்துவிடுங்கள். மேற்பார்வையாளர் "பீ பெறுமானம் எங்கே" என்று கேட்பார். வரைந்து வைத்த வயல் படத்தை அவர் முன்னால் வைத்து, யூரியா எத்தனை வயலுக்குப் போடப்பட்டது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். வைவாவுக்கும் (வாய்மொழிப் பரீட்சைக்கும்) அந்தப் படத்தை எடுத்துப் போங்கள். முதல் கேள்வி அநேகமாக அதைப் பற்றித்தான் வரும்.